பாங்கு நேரத்துக் குளிசை

கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலி. ராத்தா என் கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. தெருவே அவரை ராத்தா என்று கூப்பிட, எனக்கும் அவர் ராத்தாவாகிவிட்டார். வேலியில் ஒரு தகரம் கழன்று விழுந்தபோது இரண்டு வீட்டிலும் யாரும் அதைத் திரும்ப அடிக்கவில்லை. பின்னேரத் தேத்தண்ணி அந்த இடைவெளி வழியாகத்தான் போகும், வரும்.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதா மாதம் இரத்தம் கொட்டிக் கொட்டி, கண்டியில் நான் வேலை செய்த துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும்போதே மயங்கி விழுந்தேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லி முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர். ஆனால் உடனே முடியாதாம்.

"உங்கட உடம்பில இரத்தம் காணாது. அது ஏறாமல் நான் கத்தி வைக்கமாட்டன்" என்று இரும்புச்சத்துக் குளிசையும் விட்டமினும் எழுதித் தந்தார்.

கத்தி வைத்தால்தான் இரத்தப்போக்கு நிற்கும், இரத்தம் ஏறினால்தான் கத்தி வைப்பார்கள். நல்ல நியாயம்தான்.

அந்தக் குளிசை இருக்கிறதே, வாயில் வைத்தால் தகரத்தை நக்கியது போலிருக்கும். வயிறு கட்டிக்கொண்டது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து முதல் நாள் பயந்தே போனேன். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தேத்தண்ணி குடித்து இரண்டு மணித்தியாலமாவது ஆகாமல் குளிசையைப் போடக்கூடாது, போட்ட கையோடும் குடிக்கக்கூடாது, குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றார்களே, அதுதான் என் உயிரை வாங்கியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எழும்பினால் தேத்தண்ணி, சமைத்து முடித்தால் தேத்தண்ணி, ஆள் வந்தால் தேத்தண்ணி, வந்த ஆள் போனால் அந்த அலுப்புக்கு ஒரு தேத்தண்ணி. நடுவில் இரண்டு மணித்தியாலத்துக்கு நான் எங்கே போவேன்? இதோ போடுகிறேன், பிறகு போடுகிறேன் என்று பாதி நாள் குளிசை அட்டையிலேயே கிடந்தது.

அடுத்த சோதனையில் இரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ஒபரேஷனுக்குத் திகதி தரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் மூச்சு இழுத்துக்கொண்டது. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று வேலியோரம் உட்கார்ந்து ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அழுவாதீங்க தங்கச்சி" என்றார் ராத்தா. "இன்னும் ரெண்டு நாள்ல நோம்பு. எனக்கிட்ட பின்னேரத் தேத்தண்ணி இல்ல. பகல் சோத்துக்குப் பொறகு நீங்களும் வாயக் கட்டுங்க. பொழுது பட்டு மகரிபுக்கு பாங்கு செல்ற நேரம் குளிசையப் போடுங்க."

"போடுறேன் ராத்தா."

"இப்படித்தான் செல்லுவீங்க. நீங்க முழுங்காம நான் நோம்பு தொறக்கமாட்டேன், செல்லிட்டேன்."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் நோன்பன்று பாங்கு சொல்லி முடிந்தபிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு ஆடி அசைந்து வெளியே போனேன். வேலி இடைவெளியில் ராத்தா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் எனக்குத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர், மற்றக் கையில் தனக்கு ஒரு பேரீச்சம்பழம். விடியமுதல் பச்சைத் தண்ணீர் படாத உதடு வெடித்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய்க் குளிசையை எடுத்துவந்து முழுங்கினேன். அதற்குப் பிறகுதான் பழத்தை வாயில் வைத்தார்.

"நோம்பு தொறக்கிறத சொணக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க ராத்தா?"

"அதுக்குத்தான், நீங்க சொணங்காம வாங்க."

பிறகு எனக்கு எங்கே தப்ப வழி? "என்னா, நம்ம வீட்டுலயும் நோம்பா?" என்று கேலி செய்த என் வீட்டுக்காரரே, பாங்கு கேட்டால் "ஓடு, அந்த அக்கா நிக்கும்" என்று விரட்டத் தொடங்கினார். சில நாள் கிண்ணத்தில் ஈரல் கறியும் வரும். நாங்கள் மாடு சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து, "ஆட்டீரல்தான், பயப்படாம தின்னுங்க" என்று சொல்லித்தான் தருவார். நன்றி என்று சொன்னால் ராத்தாவுக்குக் கோபம் வரும். அதனால்தான் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது இரத்தம் ஏறியிருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே திகதி தந்தார்.

பெருநாள் முடிந்த கையோடு ஒபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நன்றாகக் கண் விழித்தபோது வார்ட்டு ஜன்னலில் வெயில் தாழ்ந்திருந்தது. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் மிஸ் சொல்லிவிட்டுப் போனார். டவுன் பக்கமிருந்து பாங்கு கேட்டது. அது முடியவும் போன் அடித்தது. வீட்டுக்காரர் அதை என் காதில் வைத்தார். ராத்தா. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் இருந்தார்.

"முழிச்சிட்டீங்களா தங்கச்சி?"

"ம்."

"குளிசை வேணாம். ஒரு கரண்டி தண்ணியாவது குடிங்க. நான் பழத்தக் கையில வச்சிட்டு ஈக்கிறேன்."

வீட்டுக்காரர் கரண்டியால் தண்ணீர் ஊற்றினார். போனில் கேட்கட்டும் என்று சத்தமாக முழுங்கினேன். அந்தப் பக்கம் ராத்தா பிஸ்மி சொல்லிப் பழத்தைக் கடிப்பது கேட்டது.