தியேட்டர் காலியான நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன், திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நடந்தது இது. அங்கே நான் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளர். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, நோயாளி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாவற்றையும் சார்ட்டில் குறிப்பது என் வேலை. என்னுடைய சார்ட்டைப் போல யாருடையதும் சுத்தமாக இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருப்பவர்களை, இன்றைக்கு நேரமில்லை என்று மாலையில் திருப்பி அனுப்புவது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. நேரம் எங்கே வீணாகிறது என்று பார்க்க, மூன்று மாத சார்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார் டாக்டர். ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே தியேட்டர் அரை மணி நேரத்துக்கு மேல் காலியாகக் கிடக்கிறது என்று வந்தது. அந்த இடைவெளியில் உள்ளே வேலை செய்வது ஒரே ஒருவர்தான். தரையையும் மேசையையும் துடைக்கும் அக்கா. பக்கத்தில் இருக்கும் அகரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மகளின் படிப்பு அவர் சம்பளத்தில்தான் ஓடியது.

அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார்.

அக்கா என்னிடம் வந்து புலம்பினார். "நான் என்ன தாயி செய்வேன்? படுத்திருக்கவுகள வெளிய கொண்டு போனாத்தான நான் உள்ள வந்து துடைக்க முடியும்? அம்புட்டு நேரமும் வாளியோட வாசல்லதான நிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசித் தையல் போட்டதுமே, 'வெளியே போன நேரம்' என்ற கட்டத்தையும் நிரப்பி சார்ட்டை மூடிவிடுவது என் வழக்கம். அதற்குப் பிறகுதான் நோயாளிக்கு மயக்கம் தெளியும், ஸ்ட்ரெச்சர் வரும். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே என் சார்ட்டில் தியேட்டர் காலியாகிவிடும். அந்த நேரமெல்லாம் அக்கா தலையில் விழுந்திருக்கிறது.

உடனே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை. இரண்டு நாள் அக்காவின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் சத்தம் போடவில்லை. "கீழ கையெழுத்துப் போட்டவன் நாந்தானம்மா. நானும் பாக்கலயே" என்றார். பழைய சார்ட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்த்து அந்தந்த நேரத்தை அப்போதே எழுதினேன். அக்கா பத்தே நிமிடத்தில் துடைத்து முடித்துவிடுகிறார். தாமதமெல்லாம் ஸ்ட்ரெச்சர் வருவதில்தான். தையல் போடும்போதே ஸ்ட்ரெச்சரை அனுப்பச் சொல்லி வார்டுக்கு போன் செய்ய ஆரம்பித்தோம். திருப்பி அனுப்புவது குறைந்தது. அக்காவின் வேலையும் தங்கியது.

டாக்டரிடம் ஒப்புக்கொண்ட அன்றே அக்காவிடமும், இரண்டு நாளாகத் தெரிந்தும் மறைத்ததைச் சொல்லியிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எழுதுறதுல யாருக்குத்தான் தப்பு வராது? அத விடு தாயி" என்றார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வேற வேல கேட்டு நாலு ஆஸ்பத்திரி ஏறி எறங்கிட்டேன். மககிட்டயும் படிப்ப நிறுத்திக்கன்னு சொல்லிட்டேன். ராவெல்லாம் அழுதா. தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

மகள் இப்போது படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அக்காவும் என்னிடம் எப்போதும் போலத்தான் பேசுகிறார். ஆனால், தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளை, அவர் வாளியோடு வாசலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.