சத்தியக்கா எடுத்த ரத்தம்

அந்த நர்சுக்குச் சத்தியக்கா என்று பேர் விழுந்ததற்கு அவள் வாய்தான் காரணம். யார் கையில் ஊசி குத்தினாலும் முதலில் ஒரு சத்தியம் செய்துவிட்டுத்தான் குத்துவாள். வலிக்காது என்று ஒரு சத்தியம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று இன்னொன்று. பாதி பொய்தான். ஆனாலும் அவள் சொன்னால் ஜனங்கள் கையை நீட்டினார்கள். தேசிய மரபணுத் தரவு மையம் தொடங்கியபோது, சாயப்பட்டறைத் தெருவில் ரத்தம் சேகரிக்க அவளைப் பிடித்துப் போட்டதும் அதனால்தான்.

மையத்தின் வேலை, சொல்லக் கேட்டால் சுலபம். நாடு முழுக்க ஜனங்களின் ரத்தத்திலிருந்து மரபணு விவரங்களைப் படித்து ஓரிடத்தில் பத்திரமாக வைப்பது. நோய்க்குக் காரணம் தேடுகிற ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து பார்க்கலாம். வெளியே எதையும் கொண்டுபோக முடியாது. பார்க்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. போன், பேனா எல்லாம் வாசலிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். மூளையையும் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று சொல்லாததுதான் பாக்கி.

தெரு ஜனங்கள் மசியவில்லை. பட்டறை முதலாளி ஒருமுறை இலவசப் பரிசோதனை என்று எல்லோர் ரத்தத்தையும் எடுத்தார். ஈரல் பலவீனம் என்று வந்தவர்களை மறுவாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சத்தியக்காவின் நாத்தனாரும் அப்படி அனுப்பப்பட்டவள். மறுபடி உள்ளே நுழைய அவள் யார் யார் காலில் விழுந்தாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். இன்னொரு ரத்தப் பரிசோதனை என்றதும் அவள் முகம் போன போக்கைச் சத்தியக்கா பார்த்தாள்.

அந்த முகத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் சத்தியக்கா மையத்தின் கூட்டத்துக்குப் போனாள். ரத்தக் குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்பதைத் தனிக் கணினியில் பூட்டி வைப்பதாக ஏற்பாடு. அது போதாது, இந்தத் தெருவுக்கு அந்தத் தொடர்பையே அழித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என்றைக்காவது யாரையாவது கூப்பிட்டு எச்சரிக்க வேண்டி வரலாமே என்று மையத்துக் கணினிப் பொறியாளர் தயங்கினார்.

"பூட்டி வெச்சா, முதலாளி எப்படியாவது சாவியை வாங்கிடுவாரு சார். அழிச்சிடுங்க. இல்லன்னா அந்தத் தெருவுக்கு நான் போகமாட்டேன்" என்றாள்.

போகமாட்டேன் என்றதும் பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். அவள் தெருவுக்குப் போய், எந்த ரத்தம் யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சத்தியம் செய்தாள். வாழ்க்கையில் அவள் செய்த முழு உண்மையான சத்தியம் அது ஒன்றுதான். நாத்தனார் முதல் ஆளாக ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள். சத்தியக்காவின் புருஷன், அதுதான் நாத்தனாரின் அண்ணன், லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால் கொடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து மையத்து ஆராய்ச்சி டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதிவில் தெருப் பேர் மட்டும் மிஞ்சியிருந்தது; அந்தத் தெரு ரத்தத்தில் நாலு பேருக்கு ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறதாம். சாதாரணமாக ஒரு தொந்தரவும் தராது. ஆனால் ஆபரேஷனுக்கு வழக்கமான மயக்க மருந்து கொடுத்தால் உடம்பு விறைத்து, கொதித்து, மேஜையிலேயே உயிர் போய்விடும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான் வைத்தியம். யார் அந்த நாலு பேர் என்று டாக்டர் அவளையே கேட்டார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பொறியாளரிடம் ஓடினாள். அவர் குத்திக் காட்டவில்லை. "மீட்கவே முடியாதபடிதான்மா அழிச்சோம். நீங்க கேட்டமாதிரியே" என்று மட்டும் சொன்னார்.

தெரு முழுவதும் மறுபடி பேரோடு ரத்தம் கொடுத்தால்தான் உண்டு. அவள் முதலில் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்ன எடத்துலேருந்து சேதி எப்படி வந்துச்சு அண்ணி?"

"தெருதான்டி தெரியும். ஆளு யாருன்னு தெரியாது."

"தெரு தெரிஞ்சிடுச்சில்ல. வீடு தெரிய எவ்வளவு நேரமாகும்?"

சத்தியக்கா கரடியாய்க் கத்திப் பார்த்தாள். சத்தியம் செய்தாள். இதற்குமேல் சத்தியம் செய்தால் இந்த வாசலையே மிதிக்காதே என்று நாத்தனார் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அப்புறம் எந்த வீட்டிலும் கதவு சரியாகத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம்.

வேறு வழியில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மயக்க மருந்து டாக்டரிடம் கெஞ்சினாள். அந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் கேளுங்கள், ரத்தம் கொடுத்தவர் என்று தெரிந்தால் மருந்தை மாற்றுங்கள் என்றாள். நல்ல மனுஷர், அறுவை அறைச் சுவரிலேயே குறித்து ஒட்டிவைத்தார். சத்தியக்கா அதற்கப்புறம்தான் கொஞ்சம் தூங்கினாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பட்டறையில் துணி பிழிகிற உருளையில் நாத்தனாரின் கை சிக்கி எலும்பு நொறுங்கியது. பட்டறை வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். மேற்பார்வையாளர் கட்டிலோரம் நின்று, பட்டறை முகவரியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்து டாக்டர் மறக்காமல் கேட்டார். சாயப்பட்டறைத் தெருவா, மரபணு மையத்துக்கு ரத்தம் கொடுத்ததுண்டா என்று. நாத்தனார் வலியிலும் மேற்பார்வையாளரை ஒரு பார்வை பார்த்தாள். நான் அந்தத் தெருவே இல்லை, யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை என்றாள். அவள் எந்தத் தெரு என்று மேற்பார்வையாளருக்கும் தெரியாது; அவர் எந்நாளும் கேட்டதில்லை.

சத்தியக்கா வேலையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது டாக்டர் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"கேட்டேன் சிஸ்டர். இல்லன்னுட்டாங்க."

அவர் சொல்லவேண்டியது அதற்குமேல் இல்லை. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பில் இன்னும் சூடு ஆறவில்லை. அன்றைக்குத் தன் சத்தியத்தை முதல் ஆளாக நம்பிக் கை நீட்டியவள் இவள்தான் என்று நினைத்தபோது சத்தியக்காவுக்கு அழுகை வரவில்லை. தன்மேல் அருவருப்புதான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு மத்தியானம், புருஷன் சமையலறைக்குள் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். கூடப் பிறந்தவளுக்கு இருந்தது அவருக்கும் இருக்கலாம் என்று சொல்லத்தான் அவளுக்கு இத்தனை நாள் நாக்கு எழவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

"எடு" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், "சத்தியம் மட்டும் பண்ணாத" என்றார்.

அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை இறக்கினாள். குழாய் நிறைந்ததும் வழக்கம்போல் எண் சீட்டைத் தேடி எடுத்தாள். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, குழாயின்மேல் அவர் பேரை, அப்பா பேர், தெருப் பேர், வீட்டு எண்ணோடு, கொட்டை எழுத்தில் எழுதினாள்.