வெலிங்டனில் இறங்காத நாள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.00. கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவை விமான நிலையம் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். வாடகைக் கார் 2,600 ரூபாய். டிக்கியில் மூன்று பெட்டிகள். அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை; அதைக் கீழே வைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவிநாசி வரை பொறுத்திருந்த ஓட்டுநர் அதற்குமேல் முடியாமல் கேட்டுவிட்டார்.

“எந்தூருக்குங்க பயணம்?”

“கப்பலுக்குங்க,” என்றார் அம்மா.

“கப்பலுங்களா? கொச்சியில ஏறறீங்களா?”

“ஆஸ்திரேலியாவுல ஏறி, நியூசிலாந்தச் சுத்திப்போட்டு வாரமுங்க. எம்பட பையன் அந்தக் கப்பல்லதான் வேலையா இருக்கறான்.”

“அட! என்ன வேலைங்க?”

முன் இருக்கையிலிருந்த அப்பா சட்டென்று, “அந்த ஏசியச் சித்த கொறைங்க,” என்றார்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் ஏன் இத்தனை தூரம் போனோம் என்பது புரியாது. என் தாத்தா கோபி வயல்களில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணையார் வீட்டு விசேஷங்களில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு எச்சில் இலை எடுப்பதும் அவர் வேலைதான். சிறுவனாக இருந்த அப்பா கூடவே கூடை தூக்கியிருக்கிறார். பிறகு படித்து, தபால் துறையில் சேர்ந்து, இன்று போஸ்ட்மாஸ்டர். கல்யாண வீட்டில்கூடத் தன் இலையை இன்னொருவர் எடுக்க விடமாட்டார். தானே மடித்து எடுத்துக்கொண்டு போவார்.

என் அண்ணன் டேனியல் கோவையில் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போனான். முதலில் கிடைத்தது பாத்திரம் கழுவும் பிரிவு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டான்: தோள் உயரத்துக்குத் தட்டுகள், கையில் ரப்பர் உறை, வாயெல்லாம் பல். அப்பா உடனே அவனை அழைத்தார்.

“எச்சத் தட்டுல இருந்து எந்திரிச்சு வர எங்கப்பனுக்கும் எனக்கும் ரண்டு தலைமுறை ஆச்சுடா. நீ காசு கட்டிப் படிச்சுபோட்டு அங்கயே போய் நின்னுட்டயா?”

அதோடு சரி. பதினான்கு மாதங்களாகப் பேச்சில்லை. நடுவில் அண்ணன் இரண்டு மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோதும் ஒரே வீட்டுக்குள், “சோறு ஆறுதுன்னு சொல்லு,” “தெரியுமுன்னு சொல்லுங்கம்மா” என்று அம்மா வழியாகத்தான் தகவல் போயிற்று. இப்போது அவன் சமையல் பிரிவுக்கு மாறிவிட்டான். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஊழியர் குடும்பத்துக்கான சலுகையில் அவன் எங்களுக்கு அறை போட்டுக் கொடுத்தபோது, “நீங்க வரலீன்னா நானும் போகலீங்க,” என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று இரவுகள். கப்பல் திரும்பி வருவதற்குள் அப்பா அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அம்மாவுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.40, சிட்னி. படங்களில் பார்த்ததை வைத்துக் கப்பலைக் கற்பனை செய்திருந்தேன். நேரில் அது கப்பலாகவே தெரியவில்லை. கோவை காந்திபுரத்தில் ஒரு தெருவையே பன்னிரண்டு மாடிக்கு அடுக்கித் தண்ணீரில் நிறுத்தியது போல இருந்தது. ஏறும் இடத்துச் சோதனையில் அம்மாவின் துணிப்பை மாட்டிக்கொண்டது. உள்ளே மின்சாரச் சோற்றுக் குக்கர்!

“எம் பையன் அத்தன பேருக்கு ஆக்கிப் போடறான், அவனுக்கு நா ஒருக்கா ஆக்கிப் போடோணும்னு சொல்லு கண்ணு.”

நான் மொழிபெயர்த்தேன். காவலர் பெண் சிரித்தார். அறையில் சூடேறும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அட்டை கட்டி வைத்துக்கொண்டார்.

எங்கள் அறை ஐந்தாம் தளத்தில், சன்னல் இல்லாதது. அண்ணன் தங்குவது தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. பயணிகள் நடமாடும் இடங்களுக்கு அவன் தன் இஷ்டத்துக்கு வர முடியாது. தினமும் மூன்று மணிக்கு, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே, அனுமதிச் சீட்டோடு நான்காம் தள நடைவழியின் கோடியில் அரை மணி நேரம் சந்திக்கலாம். அம்மாவும் நானும் போனோம். அப்பாவுக்குச் சரியாக மூன்று மணிக்குத் தூக்கம் வந்தது.

“எனக்குக் கண்ணச் சொக்குது. நீங்க போயிட்டு வாங்க.”

திங்கள், செவ்வாய். டாஸ்மன் கடல். கரை தெரியாத இரண்டு நாட்கள். கப்பல் சாய்வது கண்ணுக்குத் தெரியாது. தம்ளரில் இருக்கும் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். நான் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. நூலகம், மேல்தளம், நீச்சல்குளம், அலையின் உயரத்தைக் காட்டும் டிவி சேனல் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். காபி 5 டாலர். தேநீர் எத்தனை குடித்தாலும் இலவசம் என்பதைச் செவ்வாய் மாலைதான் கண்டுபிடித்தேன். அப்பா கப்பலிலும் தன் தட்டைத் தானே எடுத்தார். இந்தோனேசியப் பணியாளர் ஒருவர், “சார், சார்” என்று பின்னாலேயே வர, அப்பா தட்டோடு வேகம் கூட்ட, சாப்பாட்டு ஹாலில் தினமும் மூன்று வேளை ஒரு சின்ன ஓட்டப்பந்தயம் நடந்தது.

புதன்கிழமை மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்குள் கப்பல் மெதுவாகப் போய்த் திரும்பியது. அருவிகளை எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன். இதையெல்லாம் பார்க்க எனக்கு வாய்த்ததே என்று அன்று நினைத்துக்கொண்டது உண்மை. வியாழன் டனீடன், வெள்ளி லிட்டெல்டன். எல்லாம் அழகுதான். ஆனால் எங்கள் மூவரின் மனதும் சனிக்கிழமையில் இருந்தது.

சனிக்கிழமை வெலிங்டன். அந்த ஒரு துறைமுகத்தில்தான் அண்ணனுக்கு நான்கு மணி நேரம் வெளியே போக அனுமதி. மற்ற ஊர்களில் அவன் கப்பலிலேயே இருக்க வேண்டிய முறை. இதையும் பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவரிடம் முறை மாற்றி வாங்கியிருந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோசை கிடைக்கும் கடை ஒன்றையும் பார்த்து வைத்திருந்தான்; ஒரு தோசை 18 டாலர். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்காரலாம். வெள்ளி மாலை அம்மா தலை வாரிக்கொண்டிருந்தபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“நாளைக்கு எத்தன மணிக்கு எறங்கறது?”

அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

சனிக்கிழமை, காலை 6.40. அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தில் விழித்தேன். எழுந்து நின்றால் தரை காலை விட்டுக் கீழே போகிறது, உடனே திரும்ப வந்து முட்டுகிறது. 7.15க்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்துக்கு வழிகாட்டி அழைத்துச் செல்லும் மாலுமி படகிலிருந்து கப்பலுக்கு ஏற முடியாது. வெலிங்டன் ரத்து. கப்பல் நேராக நேப்பியருக்குப் போகிறது.

அம்மா புடவையை மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்தார். பிறகு வாந்தி எடுக்கத் தொடங்கினார்.

ஆறு மீட்டர் அலை என்றது டிவி. லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். மேல்தளக் கதவுகளைப் பூட்டினார்கள். படிக்கட்டுக் கைப்பிடிகளில் வாந்திக்கான காகிதப் பைகளைச் செருகி வைத்தார்கள். மேசைவிரிப்பில் தண்ணீர் தெளித்தார்கள், தட்டு வழுக்காமல் இருக்க. எனக்கும் தலை தூக்க முடியவில்லை. அப்பா மட்டும் அசையவில்லை. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போன உடம்பு அது. கப்பல் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதுவும் அம்மாவின் வயிற்றில் நிற்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இன்னிக்கு உட்டாச்சுங்க. இனி எப்ப ஒண்ணா உக்கார்றது?”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நடை நடந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“அம்மணி, அவன எப்படிக் கூப்படறது?”

“வேலை நேரத்துல ஃபோன் வெச்சிருக்க மாட்டானுங்கப்பா. சாப்பாட்டு ஹால்ல சொன்னாத் தகவல் போகும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹாலில் நடந்ததைப் பிறகு அண்ணன்தான் சொன்னான். முக்கால்வாசி மேசை காலியாகக் கிடந்த ஹாலின் நடுவே ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தபால் துறைக் கடிதத்தில் வரும் ஆங்கிலத்தில் அப்பா மேற்பார்வையாளரிடம் சொன்னாராம்: என் மகன் தங்கள் சமையலறையில் பணிபுரிகிறான். அவனுடைய தாயாருக்கு உடல்நலமில்லை. தயவுசெய்து அவனுக்குத் தெரிவிக்கவும். பெயர் கேட்டதற்குப் பிறந்த தேதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

பிற்பகல் 2.50. கதவு தட்டும் சத்தம். அப்பா திறந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட பேன்ட், கையில் மூடி போட்ட பாத்திரமும் கிண்ணங்களுமாக அண்ணன். தலைமைச் சமையல்காரர் இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தாராம். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஒரு சாய் சாய, அவன் தடுமாற, அப்பா இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். பாத்திரத்தை நடுவில் வைத்து இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“உப்புப் போட்டிருக்கயா?” என்றார் அப்பா.

“போட்டிருக்கறனுங்கப்பா.”

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவ்வளவுதான். அம்மா போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலில் உட்கார்ந்தால் உருட்டுகிறது என்பதால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் நான்கு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். ஊழியர் மெஸ்ஸில் எந்நேரமும் சோறு இருக்குமாம். அதைக் குழைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்திருந்தான். அம்மா சொட்டுச் சொட்டாகக் குடித்தார். உள்ளே நின்றது.

“நீ உண்டயா கண்ணு?”

“இன்னும் இல்லீங்கம்மா.”

அப்பா இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி அவனிடம் நீட்டினார். “குடி.”

குடித்துக்கொண்டே அவன் கீழே நடப்பதைச் சொன்னான். எண்ணெய்ச் சட்டிகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள், அண்டாவில் பாதிக்கு மேல் எதுவும் வைப்பதில்லை, ஒவ்வொன்றையும் நகராமல் கம்பி போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

“பாத்திரமெல்லாம் ஒடையாதா?” அப்பா கேட்டார்.

“காலைல இருந்து கிளாசு மட்டும் எரநூறு போயிருக்குமுங்க. கழுவற பசங்கதான் பாவம். கப்பல் ஆடறப்ப சுடுதண்ணி மேலயே ஊத்துமுங்க.”

“நீயும் இப்படி நின்னயா?”

“ஏழு மாசமுங்கப்பா.”

அப்பா கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி 3.12. அண்ணன் கிண்ணங்களை அடுக்கக் கை நீட்டினான். அப்பா அவற்றின் மேல் கையை வைத்தார்.

“உடு. நாம் பாத்துக்கறேன்.”

“அப்பா, அது எங்க வேலைங்க...”

“போடா அக்கட்டால.”

குளியலறைத் தொட்டியில், ஒரு கையால் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்கு கிண்ணங்களையும் கழுவினார். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது. துடைத்து, எண்ணி, அவன் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டு போனான். நடைவழியில் அவன் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதி மோதிப் போவதை, மூலை திரும்பும் வரை அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

மறுநாளிலிருந்து கடல் அடங்கிவிட்டது. நேப்பியர், டௌரங்கா, ஆக்லாந்து. மூன்று மணிக்கு அப்பாவுக்கு இப்போது தூக்கம் வரவில்லை. முதல் நாள் எங்களுக்கு ஐந்தடி பின்னால் நின்றார். கடைசி நாள் எனக்கு இடமே இல்லை. ஆனால் தன் தட்டைத் தானே எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை. இந்தோனேசியக்காரரும் துரத்துவதை விடவில்லை.

சனிக்கிழமை, காலை 8.20, மறுபடியும் சிட்னி. இறங்கிவிட்டோம். விமானம் இரவுதான். படகில் மேன்லிக் கடற்கரை, ஆபெரா ஹவுஸ், தாவரவியல் பூங்கா என்று என்னிடம் ஒரு முழுப் பட்டியல் இருந்தது. அப்பா துறைமுகத்துக்கு எதிரே ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார்.

“நீங்க ரண்டு பேரும் போயிட்டு வாங்க. மூணு மணிக்கு அவன அரை மணி வெளிய உடுவாங்களாமா.”

நாங்களும் போகவில்லை. ஆறரை மணி நேரம் அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம். கோபி பஸ் ஸ்டாண்டில் ஆறு நிமிடம் பஸ் வரவில்லை என்றால் குதிக்கிற ஆள் நான். அங்கே எனக்கு அவசரமே வரவில்லை. எங்களை ஏற்றி வந்த கப்பலில் வேறு இரண்டாயிரம் பேர் பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வெலிங்டனைப் பற்றி உங்களுக்கு என்னால் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. மழைக்குள்ளே தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்த ஒரு மலையை மட்டும் அறையிலிருந்த டிவியில் பார்த்தேன். தோசைக் கடையில் உட்கார்ந்திருந்தால் பேசியிருப்பார்களா, தெரியவில்லை. நான்கு பேரும் தோசையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஊர்க் காற்றுக்கு என் நன்றி.

3.05க்கு அண்ணன் ஓடி வந்தான். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும்போது அப்பா அவனோடு வாயில் வரை நடந்தார். அங்கே நின்று இருவரும் ஏதோ பேசினார்கள். அண்ணன் கையை விரித்து எதையோ காட்ட, அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும் அம்மா ஆவலாகக் கேட்டார்.

“ஏனுங்க, என்ன சொன்னான்?”

“ஒரு நாளைக்கு வெங்காயம் மட்டும் நூத்தம்பது கிலோ அரியறாங்களாமா.”

அப்பா சிறிது நேரம் கப்பலைப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தவர் போல என் பக்கம் திரும்பினார்.

“நூத்தம்பது கிலோ, அம்மணி.”