அடுத்தவன் பேரில் ஒரு தந்தி விலாசம்

என் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நேரில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பேன், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன், அதோடு சரி. "பழசையெல்லாம் எதுக்குக் கிளறிகினு இருக்கே" என்று உறவுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கிளறத்தான் போகிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது. அதனால் என்னையும் சேர்த்தே திட்டிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா மில்லில் வேலை பார்த்தார், மில் பாதி நாள் ஓடாது. அண்ணன் பாண்டிச்சேரி கடலூர் ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக்கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தான். தவளக்குப்பம் பக்கத்து விவசாயிகள்தான் வாடிக்கை. அவர்கள் வாயில் எந்நேரமும் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் பேர்தான். அந்தப் பேர் பொறித்த மோட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டார் ஒரு தடவை அதை எடுத்து ஆண்டதே போதும்.

தந்தி விலாசம் என்று ஒன்று அப்போது உண்டு. தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால் வியாபாரிகள் முழு விலாசத்துக்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தையைத் தந்தி ஆபீசில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அந்த வார்த்தையையும் ஊர்ப் பேரையும் போட்டால் போதும், தந்தி அவர்கள் வாசலுக்கு வந்துவிடும். ஓர் ஊரில் ஒரு வார்த்தை ஒருவருக்குத்தான். யார் முந்தினாரோ அவருக்கு.

கம்பெனி பாண்டிச்சேரியில் கிளை திறக்கப் போகிறது என்று ஒரு லாரி டிரைவர் சொன்னதுதான் தாமதம், அண்ணன் ஓடிப்போய் அந்தக் கம்பெனிப் பேரையே தன் கடைக்குப் பதிந்துவிட்டான். விண்ணப்பத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

"தப்பில்லையா அண்ணா?" என்று கேட்டேன்.

"என்னாடி தப்பு? எல்லா ஊர்லயும் அவங்களுக்கு இதே பேர்லதான் தந்தி போவுது. இங்க மட்டும் எங்கிட்ட வந்து நிக்கணும். அவங்க மோட்டாரை விக்க எனக்கு ஏஜென்சி குடுத்தா பேரை விட்டுடறேன். சட்டப்படி பதிஞ்சிருக்கேன், திருடிகினா வந்தேன்?"

நானும் சிரித்தேன். கெட்டிக்காரன் என்று பெருமைகூடப் பட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

கம்பெனி வந்தது. தந்திகள் எங்கள் கடைக்கு வந்தன. அண்ணன் அவற்றைப் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தான். "அடுத்தவங்க தந்தியைப் பிரிச்சுப் படிக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல" என்றான். அடேயப்பா, என்ன நியாயம்! பிரிக்க மாட்டானாம், கொடுக்கவும் மாட்டானாம்.

கம்பெனி மேனேஜர் மெட்ராஸ்காரர். ஒரு நாள் கடைக்கே வந்து கத்தினார்.

"எங்க பேரு, எங்க மோட்டாரு. உனக்கு அதுல என்னய்யா உரிமை? கோர்ட்டுல பார்த்துக்கறேன் உன்னை."

"பாருங்க சார். கோர்ட்டு முடியற வரைக்கும் தந்தி இங்கதான் வரும்."

அந்த மனுஷனும் லேசுப்பட்டவர் இல்லை. வேறொரு வார்த்தையைப் பதிந்திருந்தால் விவகாரம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். எங்கள் பேரை விட்டு நாங்கள் ஏன் மாற வேண்டும் என்று வறட்டுப் பிடிவாதம். அந்தப் பேரில் தந்தி அடிக்காதீர்கள், முழு விலாசம் போடுங்கள் என்று வெளியூர் ஆபீசுகளுக்கெல்லாம் எழுதிப் போட்டாராம். பழகின கை விடுமா? அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அதே கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று விளம்பரம் பார்த்தேன். யாருடைய தங்கை என்று சொல்லாமல் போய் நின்றேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். மெஷினைத் தூக்கி வந்து வைத்தவர் அங்கே இருந்த ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குருசுக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ரிப்பனைச் சரி பண்ணிவிட்டு, "பதறாம அடிங்க தங்கச்சி, நல்ல மெஷின்தான்" என்றார். பதறாமல் அடித்தேன். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்ல. பம்பாய்லதான் முடிவு பண்ணணும். பத்து நாளுக்குள்ள எனக்குத் தந்தி வரும், வந்தா ஆள் அனுப்பறேன்."

தந்தி என்றால் அது அண்ணன் டப்பாவுக்குத்தான் போகும். வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கடைக்குப் போனேன்.

"அண்ணா, என் வேலைக்கான தந்தி இங்கதான் வரும். அதை மட்டும் குடுத்துடு."

"ஒண்ணைக் குடுத்தா எல்லாம் போச்சு. நான் பயந்துட்டேன்னு நெனைப்பான். ஏஜென்சி வரட்டும், உன் வேலையை நானே கேட்டு வாங்கித் தரேன்."

"அதுக்குள்ள வேற எவளாவது போய் உக்காந்துட்டா?"

"போடி, பெரிய வேலை!"

பெரிய வேலைதான். வீட்டில் அடுப்பு எரிவதே அண்ணன் தயவில் என்று இருந்தது. அவன் கையை எதிர்பார்க்காமல் நான் நிற்க அது ஒன்றுதான் வழி. தினமும் போய்க் கேட்டேன். தினமும் இல்லை என்றான். டப்பாவில் ஐந்து சேர்ந்தது, ஆறு சேர்ந்தது. ஒன்பதாம் நாள் அவன் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து டப்பாவோடு கிளம்பினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம். பூட்டா போட்டு வைத்திருந்தான்? அவன் கோபத்துக்குப் பயந்தேன். ஏஜென்சியும் கிடைத்தால் நல்லதுதானே என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை.

மேனேஜர் மேஜையில் டப்பாவை வைத்து, நான் அவன் தங்கை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூன்றாவதை என் பக்கம் தள்ளினார்.

"இந்தா, உன்னுது. திங்கக்கிழமை சேரச் சொல்லியிருக்கான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டேன் என்றுகூட நினைவு. அவர் என்னைக் கவனிக்கவில்லை. அடுத்ததைப் பிரித்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை அவசர அவசரமாகக் கிழித்தார். பிறகு ஃபிட்டரைக் கூப்பிட்டு இரண்டு தந்திகளைக் கையில் கொடுத்தார்.

"என்ன சார் போட்டிருக்கு?" என்றார் ஃபிட்டர். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

மேனேஜர்தான் படித்துச் சொன்னார். ஃபிட்டர் ஊரில் கொடுத்து வைத்திருந்ததும் கம்பெனியின் தந்தி விலாசத்தைத்தான். முதல் தந்தியில், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படு. நான் டைப் அடித்துக் காட்டினதற்கு மறுநாள் தேதி. இரண்டாவதில், அப்பா போய்விட்டார். அதற்கு நாலு நாள் கழித்து.

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். "இது எங்க இருந்துச்சு தங்கச்சி?"

"எங்க அண்ணன் கடையில. டப்பாவுல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தந்தி இருக்கறது தெரியும். உங்களுக்கு வந்ததுன்னு தெரியாது."

அவர் தந்தி இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினார். நாலு நாள் இருந்தது அவருக்கு. அப்பா முகத்தைப் பார்த்திருக்கலாம், வாயில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். என் தந்தி ஒன்றைத்தான் ஒன்பது நாளும் கேட்டேன். டப்பாவில் மற்றவர்களுடையதும் கிடக்கிறதே என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

மறு வாரமே மேனேஜர் வேறு வார்த்தையைப் பதிந்துவிட்டார். எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா! அண்ணனுடைய வார்த்தை செல்லாக்காசாகிவிட்டது. அவன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஃபிட்டர் விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பிரிக்கவே இல்லையே" என்றான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவனை நான் மன்னிக்கவில்லை.

அந்த வேலைக்கு நான் போகவில்லை என்று எழுதத்தான் ஆசை. போனேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். மேனேஜர் கொடுத்த முதல் வேலை ஃபிட்டரின் லீவு விண்ணப்பம். முன்கூட்டி அனுமதி வாங்காததற்குக் காரணம் எழுத வேண்டும்.

"காரணம் என்ன போடட்டும் சார்?"

"உனக்குத் தெரியாததா? நீயே போட்டுக்க" என்று எழுந்து போய்விட்டார்.

தந்தி தாமதமாகக் கிடைத்தது என்று அடித்தேன். யாரால் என்று அடிக்கவில்லை. பிழையே இல்லாமல் அடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஃபிட்டர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய அந்தத் தாளை நான்தான் நீட்ட வேண்டியிருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க தங்கச்சி."

"தந்தி லேட்டா வந்துச்சுன்னு எழுதியிருக்குங்க."

அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார்.

"ஆமா, லேட்டாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.