சிவப்பு அழுக்கு

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஸ்டோரில் இருக்கும் பொருளை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் அந்த வேலை என்று நம்புகிறவர். கையுறை கேட்டுப் போனால், பழையதில் எத்தனை விரல் கிழிந்திருக்கிறது என்று விசாரிப்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். சோபா இன்னும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய சிவப்புக் கார் வந்து மாட்டியது. வெயில் பட்டால் வெளுத்துவிடும், மழை பட்டால் திட்டு விழும், காக்கா எச்சம் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே கார் ஷெட்டிலேயே குடியிருந்தது. அக்கா முறையாக லைசென்ஸ் எடுத்துவிட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தாள்.

காருக்குப் பூச மெழுகு தேர்ந்தெடுத்தது தனிக் கூத்து. அக்காவைக் கட்டிக்கொள்ளக்கூட அத்தான் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். தெளித்துத் துடைக்கும் ஸ்ப்ரே சோம்பேறிகளுக்கானதாம். பாட்டிலில் வரும் செயற்கை மெழுகு ரொம்ப நாள் நிற்குமாம், ஆனால் பளபளப்பில் ஆழம் இருக்காதாம். பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுத்த கெட்டி மெழுகில்தான் அந்த ஆழம் வருமாம். காருக்கு ஆழம் எதற்கு அத்தான், கிணறா வெட்டுகிறோம் என்று கேட்டேன். நான் ரசனை கெட்ட ஜென்மம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால், பூசும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். நிழலில் நிறுத்தி, கழுவித் துடைத்து, சின்ன பஞ்சில் தொட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு கதவு என்று மெல்லிசாகப் பூசுவார். காய்ந்து வெண்மை படர்ந்ததும் மெத்தென்ற துணியால் துடைப்பார். அதோடு விட்டிருந்தால் கார் தப்பித்திருக்கும். ஆனால் பழைய சரக்கு காலியாகாமல் புதுச் சரக்கை அலமாரியில் ஏற்றக் கூடாது என்பது ஸ்டோர் விதி. அதனால் ஞாயிறுதோறும் புது மெழுகு பூசுவதற்கு முன்னால், போன வாரத்து மெழுகை ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்து எடுப்பார். பெயின்ட் பட்டறையில் கீறலைத் தேய்த்துச் சமன் செய்ய வைத்திருக்கும் நறநறப்பான பசை அது.

துணி சிவப்பாக வரும். "பாத்தியா, எவ்வளவு அழுக்கு" என்று என்னிடம் பெருமையாகக் காட்டுவார்.

"அத்தான், அது அழுக்கு இல்ல. பெயின்ட்."

"மெழுகுக்கு அடியில இருக்கிற பெயின்ட் எப்படிப்பா வெளிய வரும்?"

இதற்கு மேல் பேச நான் என்ன முட்டாளா?

அக்கா கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு கிளை திறந்து, அவளைப் பொறுப்பாளராக வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வராவிட்டால் அவளிடம் வேலை பழகிய பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவள் கார் சாவியைக் கேட்டாள். இந்தப் பூச்சு இறுகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அத்தான். அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. அன்று என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். மெழுகு டப்பாவை அந்த மனுஷன் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வழக்கம்போல் தேய்க்கத் தொடங்கினார். பானெட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. அழுக்கு என்று அதையும் தேய்த்தார். உள்ளங்கை அளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெருத்தது. அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது, பெயின்ட் தீர்ந்து அடிப்பூச்சு பல்லிளிக்கிறது என்று. துணியும் கையுமாக அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வந்து பார்த்தாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே போய் அவர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இனிமே இது வெயில்ல நின்னா என்ன, மழையில நனைஞ்சா என்ன? காலையில நான் எடுத்துட்டுப் போறேன்."

மறுக்கும் காரணத்தையெல்லாம் அத்தானே தேய்த்து எடுத்திருந்தார். மெழுகு டப்பாவை மூடி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அக்கா வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். பொறுப்பு கிடைத்ததா என்று அத்தான் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து காரைச் சுற்றி வந்து கீறல் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா அவர் நிமிரும் வரைக்கும் காத்திருந்தாள்.

"வண்டி நல்லா ஓடுதுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு எப்படித் தெரியும்?