பின்ரூம் ஸ்பீக்கர்

அவ பேரைத் தெருவுல யாரைக் கேட்டாலும் டெய்லரக்கான்னுதான் சொல்வாங்க. பேன்ட்டைச் சின்னதாக்கணுமா, ஜிப் மாத்தணுமா, நேரா அவ வீட்டுப் பின்ரூமுக்குப் போகணும். வாயைத் திறந்தா அளவைத் தவிர வேற பேச்சு வராது. அந்த வாய் ஒரு காலத்துல ஊர் ஊராப் போய் மேடையில பாடின வாய்னு சொன்னா, "போங்க, சும்மா கதை விடாதீங்க"ன்னு சிரிப்பாங்க.

கதை இல்லைங்க. பாட்டுக் குழுவுல அவதான் பாடகி. அந்தக் குழுவுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் பாத்துக்கிட்டவன்தான் அவ புருஷன். "உன் குரலைக் கேட்டா சோறு தண்ணி வேண்டாம்"னு வழிஞ்சு வழிஞ்சு கட்டிக்கிட்டான். கட்டின கையோட, "மேடையில பாடினவ நீன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் போகும், இனி வேண்டாம்"னுட்டான். கேட்டீங்களா நியாயத்தை! அவளும் வீடு ரெண்டுபட வேண்டாம்னு தையல் மெஷின் முன்னாடி உக்காந்துட்டா.

மிஞ்சினது ஒரே ஒரு பாட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்டூடியோவுல பதிவு பண்ணின ஜோடிப் பாட்டு. ஆண் குரல் இடது ஸ்பீக்கர்ல, அவ குரல் வலது ஸ்பீக்கர்லன்னு பிரிச்சு வச்சவனே இந்த மகராசன்தான். ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு பாடுற மாதிரி இருக்கும்னு அன்னைக்கு அவனுக்கு அப்படி ஒரு பெருமை. அவ பாடினாங்கறதுக்கு இந்த உலகத்துல வேற சாட்சி கிடையாது.

ஹால்ல பாட்டுப் போடுற பெரிய ரிசீவர், அதுக்குப் பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர். சாயங்காலம் ஆனா சோபாவுல சாஞ்சுக்கிட்டு அவன் கேப்பான். இவளுக்கோ தையல் வேலை தலைக்கு மேல. "ஏங்க, என் ரூம்லயும் ஸ்பீக்கர் வச்சுக் கொடுங்களேன். தைச்சுக்கிட்டே அந்தப் பாட்டைக் கேப்பேன்"னா. "பாக்கலாம், பாக்கலாம்"னு இழுத்தடிச்சான்.

கடைசியில ஹாலுக்குப் புது ஸ்பீக்கர் வாங்கினப்பதான் இவளுக்கு வழி பிறந்துச்சு. பழசுல ஒண்ணு கிழிஞ்சு போயிருந்துச்சு. நல்லா இருந்த இன்னொண்ணை எடுத்து, ரிசீவர் பின்னாடி இடது பக்கத்துல ஒயரைச் சொருகி, சுவரோரமா இழுத்துட்டு வந்து மெஷினுக்கு மேல மாட்டிட்டான். "சின்ன ரூம்தானே, ஒண்ணு போதும்."

அன்னைக்கே பாட்டைப் போடச் சொன்னா. ஆண் குரல் முதல் வரியைப் பாடி முடிச்சுது. மெஷினை நிறுத்திட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவ வரி வர்ற இடத்துல வெறும் தாளம்தான் தட்டுச்சு.

"ஏங்க, என் குரல் வரலையே!"

"இங்க கணீர்னு வருதே! மெஷின் சத்தத்துல உனக்குக் காது மந்தமாயிடுச்சு"ன்னு சோபாவுல இருந்தே சொன்னான். எழுந்து வந்து ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தா, தான் பண்ணின கோளாறு தனக்கே தெரிஞ்சிருக்கும். எங்க எழுந்தான்?

அவளும் நம்பினா, பாவி. காது டாக்டர்கிட்டப் போனா, காதுல ஒரு குறையும் இல்லைன்னு அனுப்பிட்டார். அதுக்கப்புறம் அவளுக்கு தன் குரல் அந்தப் பாட்டுல எப்பவாவது இருந்துச்சான்னே சந்தேகம் வந்துடுச்சு. அங்கயும் இல்லைன்னா என்ன பண்றதுன்னு பயந்து, பாட்டு ஓடுறப்ப ஹால் பக்கமே போகாம தலையைக் குனிஞ்சுக்கிட்டு இன்னும் வேகமா மெஷினை மிதிப்பா.

இப்படியே வருஷங்கள் ஓடினப்புறம், ஒருநாள் அவன் சிநேகிதன் ஒருத்தன் வந்திருந்தான். டீ கொண்டுபோன டெய்லரக்கா ஹால் வாசப்படியிலயே நின்னுட்டா. வலது பக்கத்து ஸ்பீக்கர்ல அவ பாடிட்டு இருந்தா! அவளேதான், அந்த வயசுல, அந்தத் தெளிவுல. இடது பக்கம் ஆண் குரல், வலது பக்கம் இவ. தன் ரூமுக்கு இடது பக்கம் மட்டும்தான் வந்துச்சு, தன் குரல் இருக்குற வலது பக்கம் வரவே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. எத்தனை வருஷம் தன் காதையும் குரலையுமே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தோம்னு நெஞ்சு எரிஞ்சுது.

"அடேயப்பா, என்னா குரல்! யாருப்பா அந்தப் பொண்ணு?"ன்னு சிநேகிதன் கேட்டான்.

அவ புருஷனைப் பாத்தா. இப்பவாவது சொல்லுவானான்னு பாத்தா. அவன் டீயை எடுத்துக்கிட்டே, "குழுவுல ஒரு பொண்ணு இருந்துச்சு. கல்யாணம் ஆகிப் போயிடுச்சு"ன்னான்.

தட்டை மேஜையில வச்சுட்டுப் பின்ரூமுக்குப் போனா. மெஷினுக்கு மேல ஆண் குரல் இன்னும் பாடிட்டு இருந்துச்சு. துணி வெட்டுற பெரிய கத்தரியை எடுத்து ஒயரை ஒரே வெட்டா வெட்டினா. ஒயருக்குள்ள இருந்த ரெண்டு கம்பியும் கத்தரி இரும்புல பட்டு ஷார்ட் ஆனதும் ஹால்ல ரிசீவர் டக்குனு அடங்கிடுச்சு.

"ஏய், என்னடி பண்ணின? பாட்டையே காணோம்!"னு அவன் கத்தினான்.

"அந்தப் பொண்ணுதான் கல்யாணம் ஆகிப் போயிடுச்சுன்னீங்களே, இனி எங்க பாடும்?"

மேடையில பாடின அதே கணீர்க் குரல்ல கேட்டா. சிநேகிதன் டீயைக் கீழே வச்சுட்டு, அணைஞ்சு கிடந்த ஸ்பீக்கரைப் பாத்தான், பின்ரூம் கதவைப் பாத்தான், அப்புறம் அவ புருஷன் மூஞ்சியைப் பாத்தான்.