பூஜ்யத்துக்குக் கீழே போன வாயு

தேயிலை விலை சரிந்து குன்னூரே முகம் வாடிக் கிடந்த வருஷங்களில், நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் மீத்தேனை எரித்துக்கொண்டிருந்தேன். நிஜ அடுப்பில் நொடியில் முடிகிற காரியம் எனக்கு நாலு நாள் பிடித்தது. குற்றம் அடுப்பின் மேல் இல்லை. எரியும்போது சில மூலக்கூறுகள் கண்ணிமைப்பதற்குள் தோன்றி மறையும்; சில ஆடி அசைந்து மாறும். நானோ அந்த அவசரக்காரர்களுக்கு ஏற்றபடி நேரத்தை மிகச் சிறிய அடிகளாக நறுக்கி, அடி அடியாகவே கணக்கு முழுவதையும் நடத்தினேன்.

ஒருநாள் பொறுமை போய் அடியைப் பெரிதாக்கினேன். அரை மணியில் முடிந்தது. அச்செடுத்த வரைபடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்தார்.

"ஏனுங்க, இது பச்சைத் தேயிலை வெலைங்களா?"

"இல்லீங்க, ஒரு வாயுவோட அளவு."

சரிந்து வந்த கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போன இடத்தில் விரலை வைத்தார். "இல்லாததுக்கும் கொறைவா எப்படீங்க இருக்கும்? எங்க தேயிலையே இன்னும் இவ்வளவு எறங்கலீங்களே!"

இத்தனை படித்தவன் கண்ணில் அது படவே இல்லை. பெரிய அடி வைத்ததில் கணக்கு பூஜ்யத்தில் நிற்காமல் அதைத் தாண்டிக் குதித்திருந்தது. அடியின் தொடக்கத்தை மட்டும் பார்த்துத் தாவாமல், ஒவ்வொரு அடியின் முடிவையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்துத் தீர்க்கும் வேறொரு முறைக்கு மாறினேன். பெரிய அடி வைத்தும் கோடு பூஜ்யத்துக்கு மேலேயே நின்றது. ஓடிப்போய்க் காட்டினேன்.

அவர் கோட்டின் கடைசி வரை விரலை ஓட்டினார்.

"நல்ல முறைங்க. எங்களுக்கு வெலை வைக்கிற ஃபேக்டரிக்காரங்களுக்கும் இதைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."